தண்ணீர் நிற்காத தொட்டி

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். தலையில் சிமெண்ட் மூட்டையும் கையில் சாந்துச் சட்டியுமாகச் சரசு, பெத்தானியா பாப்டிஸ்ட் சபையின் பக்கக் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். வெளியே ஐப்பசி மழை ஸ்ரீராம்புரத்துச் சந்துகளையெல்லாம் சேறாக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்த நேரத்துக்கே விளக்கு வைக்கிற இருட்டு.

ஊரைக் கூட்டிப் பிழைக்கிறவள் அவள். முனிசிபாலிட்டியாய் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தாள். அது கார்ப்பரேஷன் ஆகி ஐந்து வருஷம் ஆயிற்று. துடைப்பம் மட்டும் அதேதான்.

முதலில் மருந்துக்காகத்தான் இந்தச் சபைக்கு வந்தாள். புருஷனுக்குக் கால் அழுகியபோது, ஆஸ்பத்திரிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இங்கே இருந்த தர்ம வைத்தியசாலையில் ஒரு நர்சம்மா அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவினாள். புருஷன் பிழைக்கவில்லை. ஆனால் அந்த மடியைச் சரசு மறக்கவில்லை. அந்த நர்சம்மாவின் சபையில் தானும் ஒருத்தியாக வேண்டும் என்று ஞானஸ்நானம் கேட்டாள்.

பாப்டிஸ்ட் சபையில் தலையில் மூன்று சொட்டுத் தெளிக்கிற வேலை கிடையாது. வயது வந்தவர், வாய்விட்டுக் கேட்டு, சபை கூடிக் கை தூக்கி ஏற்றுக்கொண்ட பிறகு, எல்லார் கண்ணெதிரிலும் தொட்டித் தண்ணீரில் முழுசாக முங்கி எழவேண்டும். பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே அந்தத் தொட்டி. கருங்கல் தொட்டி, மார்பளவு ஆழம். பெண்கள் இறங்க ஒரு பக்கம் ஏழு படி, ஆண்களுக்கு எதிர்ப்பக்கம் ஏழு படி. அடியில் ஒரு மரத் தக்கை, விளிம்புவரை எட்டும் சங்கிலியோடு. அதைப் பிடுங்கினால் தண்ணீர் தோட்டத்துக்குப் போய்விடும்.

"படிக்கத் தெரிஞ்சுட்டு வா" என்றார் சபைக் காரியம் பார்க்கும் டீக்கன் ஜீவரத்தினம் முதல் தடவை. சபை நடத்திய இராப்பள்ளியில் யூனிஸ் டீச்சரிடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்தாள். "கமிட்டி யோசிக்கணும்" என்றார் இரண்டாம் தடவை. ஒரு வருஷம் யோசித்துக் கை தூக்கினார்கள். மூன்றாம் தடவை, "தொட்டி ஒழுகுதே, சரசு. தண்ணி நிக்க மாட்டேங்குது."

அது பொய்யில்லை. ஐம்பத்தைந்து வருஷமாக அந்தத் தொட்டியில் தண்ணீர் நிற்பதில்லை. மற்றவர்களைப் பிரேசர் டவுன் பக்கம் வேறொரு சபையின் தொட்டிக்குக் கூட்டிப்போவார்கள். சரசுவை அங்கே கூட்டிப்போக யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது டீக்கனின் பேத்தி டோரதிக்கு ஞானஸ்நானம். தாத்தாவின் சபையில்தான் முங்குவேன் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்தாள். உடனே கமிட்டிக்குச் சிமெண்ட் கிடைத்துவிட்டது. சித்தாள் வேலைக்குச் சரசு தானே வந்து நின்றாள்.

"நானே பூசுறேன். அப்புறம் எந்தச் சாக்குச் சொல்றாங்கன்னு பாக்கறேன்."

மேஸ்திரி கோவிந்தப்பா ஏற்கெனவே மேடைப் பலகைகளைத் தூக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தான். அந்தச் சுவரில்தான் வெள்ளைக் கல்வெட்டு. பிளேக் வந்த வருஷம் இந்தச் சபை கொட்டகை போட்டு நோயாளிகளை வைத்துக் கஞ்சி ஊற்றியது, வைத்தியசாலை திறந்தது, இராப்பள்ளி தொடங்கியது என்று வரிசையாகச் செதுக்கி, கீழே ஏழு டீக்கன்மாரின் பேர். முதல் பேர் ஜீவரத்தினத்தின் அப்பா. வாரா வாரம் அதைத் துடைக்கிறவள் சரசுதான்.

"ரெண்டு தடவை பூசியிருக்கேன்மா இத" என்றான் கோவிந்தப்பா, சாந்தைக் குழைத்தபடி. "என் கெலசாவுல, என் வேலையில, குத்தம் இல்ல. கல்லுல ஒரு விரிசல் இல்ல. ராவிக்கு நெரப்புனா காலையில காலி."

"தக்கை லூசா இருக்கும்."

"தக்கைய மூணு தடவை மாத்தியாச்சு. நீ இன்னா புதுசா கண்டுபுடிக்கப் போறே?"

"பூசு மேஸ்திரி. பேச்சு அப்புறம்."

பெண்கள் படி ஏழையும் அவன் மேலிருந்து கண்ணாடிபோல் இழைத்துவிட்டான். தரைப் பூச்சுக்குச் சரசு ஆண்கள் படி வழியாக உள்ளே இறங்கினாள். நான்கு மணிக்கெல்லாம் கை தெரியாத இருட்டு. லாந்தர் எடுத்து வருகிறேன் என்று கோவிந்தப்பா வைத்தியசாலைப் பக்கம் போனான்.

அவள் குந்தியபடி பூச்சுக் கரணையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டின்மேல் மழை. கரணையின் கரகர. வேறு சத்தமில்லை.

முதலில் வாடைதான் வந்தது.

அடிபிடித்த கஞ்சியின் வாடை. அதற்குள் கார்பாலிக் மருந்தின் நெடி. அதற்கும் அடியில், பல நாள் ஈரமாகவே மடித்து வைத்த துணியின் புழுங்கல். குப்பை மேட்டில் பதினாறு வருஷம் நின்ற மூக்கு அவளுடையது. எந்த நாற்றத்துக்கும் அசையாது. இதற்கு அசைந்தது.

பிறகு, தலைக்கு மேலே.

டிக்.

அவள் கை நின்றது.

டிக்... டிக்.

கல்லில் ஈயம் படும் சத்தம். ஞானஸ்நான அங்கியின் கீழ் மடிப்பில் பட்டாணி அளவு ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பார்கள். தண்ணீரில் இறங்கும்போது துணி மிதந்து மேலே வராமல் இருக்க. பீரோவில் இருந்த நான்கு அங்கிகளையும் இந்த வாரம் துவைத்தவள் அவள்தான். நடந்தால் அந்தக் குண்டுகள் என்ன சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும்.

"மேஸ்திரி?"



முதல் படியில் ஒரு டிக். இரண்டாம் படியில் ஒன்று. மூன்றாம் படியில் ஒன்று.

அதோடு நின்றுவிட்டது.

சரசு நிமிரவில்லை. கழுத்து நிமிர மறுத்தது. கண்ணின் ஓரத்தில், படியிருந்த பக்கம், இருட்டைவிடக் கொஞ்சம் வெளுத்து ஏதோ நின்றது. அதிலிருந்து சொட்டுகூட விழவில்லை. நனையவே நனையாத துணி அது. ஆனால் ஈர வாடை மூச்சை அடைத்தது.

மூச்சுப்போல ஒரு குரல். பெண் குரல். வேலை செய்து களைத்த குரல்.

"தண்ணி இன்னும் இருக்குதா?"

ஓட எழுந்தால் அந்தப் படியைப் பார்க்கவேண்டும். பார்க்காமல் இருந்தால் அது கீழே இறங்கி வரும். இரண்டுக்கும் நடுவில் சரசு குந்தியிருந்தாள்.

ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. மூன்று வருஷமாக அவளும் அதையேதான் டீக்கனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா" என்றாள். "யாரும் வுடல. நாளைக்கு நெரப்புறோம். நானே நெரப்புறேன்."

வாடை மெல்லக் கலைந்தது.

லாந்தர் வெளிச்சம் வந்தபோது கோவிந்தப்பாவோடு யூனிஸ் டீச்சரும் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், சபையின் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். கோவிந்தப்பா பெண்கள் படிப் பக்கம் லாந்தரைத் தாழ்த்தினான்.

ஈரப் பூச்சில் கால் தடங்கள். வெறுங்கால். முதல் படியில் ஒன்று, இரண்டாம் படியில் ஒன்று, மூன்றாம் படியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டியைப் பார்த்தபடி. அந்தப் பாதங்களைச் சுற்றி வரிசையாகப் பட்டாணிக் குழிகள்.

நான்காம் படி கண்ணாடியாகவே இருந்தது.

"அய்யோ ஷிவனே" என்று கோவிந்தப்பா பின்வாங்கினான். "மறுபடியும் அதே மூணாம் படி."

"மறுபடியுமா?" என்றாள் சரசு, எதிர்ப்பக்கப் படியேறி வந்து.

"ரெண்டு தடவையும் இருந்துச்சு. பூசி மறைச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு கெலசா குடுப்பாங்க? கள்ளு ஏறிப்போச்சுன்னு தொரத்துவாங்க." கரணையை எடுத்து, பழக்கதோஷத்தில் தடத்தை இழைக்கக் குனிந்தான்.

சரசு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கை வெக்காத மேஸ்திரி. அது அவங்க கால். இருக்கட்டும்."

யூனிஸ் டீச்சர் முன்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய்ப் பின்னறை பீரோவிலிருந்து தோல் அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து சரசுவின் மடியில் விரித்தார். சபைக் கூட்டங்களின் பழைய நடவடிக்கைப் புத்தகம்.

"நீயே படி. அதுக்குத்தான் சொல்லிக்குடுத்தேன்."

சிமெண்ட் காய்ந்த விரலை வரியில் வைத்துச் சரசு எழுத்துக் கூட்டினாள். பிளேக் வருஷம். ஞானஸ்நானத்துக்குச் சபை ஏற்றுக்கொண்டவர் ஐந்து பேர். ஐந்தாம் பேர்: பூங்காவனம், பிளேக் கொட்டகையில் ஊழியம் செய்கிறவள். சபையார் ஏகமனதாய் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வாரத்துக் குறிப்பு: நான்கு பேர் முழுக்கு ஸ்நானம் பெற்றார்கள். தண்ணீர் தீர்ந்துபோனபடியால் ஐந்தாம் பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளப்படும். கீழே, தலைமை டீக்கனின் கையெழுத்து: கல்வெட்டில் முதலில் இருக்கும் அதே பேர்.

"தண்ணி எப்படி டீச்சர் தீரும்? குடிக்கவா செய்றாங்க?"

"தீரல" என்றார் யூனிஸ். "நாலாவது ஆளு எங்க அம்மா. சாகறப்போதான் சொன்னாங்க. அந்தப் பொம்பள கொட்டகையில பொணம் கழுவினவ. நோயாளி வாயில கஞ்சி ஊத்தினவ. ஊரே ஓடிப்போச்சு, அவ ஓடல. ஆனா அவ எறங்கின தண்ணியில மத்தவங்க எறங்க மாட்டோம்னுட்டாங்க. சரி, கடைசியா நீ எறங்குன்னாங்க. சரின்னா. அங்கி அவளே தெச்சுக்கிட்டு வந்தா. எங்க அம்மா முங்கி எழுந்து படியேறறாங்க, அதே படியில அவ எறங்கறா. மூணாம் படியில கால வெக்கறா. அந்தத் தலைமை டீக்கன் குனிஞ்சு சங்கிலிய இழுத்துத் தக்கையப் புடுங்கிட்டார்."

கோவிந்தப்பா உச்சுக்கொட்டினான்.

"தண்ணி முழுசும் போறவரைக்கும் அவ அங்கியோட அங்கேயே நின்னாளாம். ஒரு வார்த்தை பேசலையாம். மறுநாள் கொட்டகைக்குப் போயிட்டா. நாலாம் நாள் அவளையே தூக்கினாங்க. எங்க அம்மா திரும்பிப் பாக்காமலே துணி மாத்தப் போயிட்டாங்க. அதான் அவங்களுக்குக் கடைசிவரை உறுத்தல்."

வாசலில் குடை மடக்கும் சத்தம். டீக்கன் ஜீவரத்தினம் வேலையைப் பார்க்க வந்திருந்தார். எழுபது வயதிலும் கோட்டு. மடியில் இருந்த புத்தகத்தையும் படியில் இருந்த தடத்தையும் பார்த்தார். முகம் கறுத்தது.

"என்ன கூத்து இது? இருட்டுல வேலை செஞ்சா ஆயிரம் தெரியும், ஆயிரம் கேக்கும். மேஸ்திரி, அதை இழைச்சு விடு."

கோவிந்தப்பா கரணையைக் கீழே வைத்தான். "நான் மாட்டேன் சார்."

"ஐயா" என்றாள் சரசு, "நாளைக்கு எந்த வரிசையில எங்களக் கூப்பிடுவீங்க?"

"டோரதி முதல்ல. அப்புறம் அந்த ரயில்வே பையனுங்க ரெண்டு பேர். அப்புறம் நீ."

"கடைசியா."

"யாராவது ஒருத்தர் கடைசியா வரத்தானே வேணும்? அப்புறம், உன் பேரைச் சாராள்னு மாத்திக்க. சபைக்கு நல்லா இருக்கும்."

"சரசுன்னே இருக்கட்டும். என் புருஷன் கூப்பிட்ட பேரு." எழுந்து நின்றாள். சேலையெல்லாம் சிமெண்ட். "என்னைக் கடைசியிலயே நிறுத்துங்க. ஆனா அவங்கள முதல்ல கூப்பிடுங்க. அவங்க எறங்காம இந்தத் தொட்டியில தண்ணி நிக்காது."

"செத்தவளுக்கு ஞானஸ்நானமா? நம்ம உபதேசத்திலேயே கிடையாது."

"ஞானஸ்நானம் நான் கேக்கல. சபை கை தூக்கி ஏத்துக்கிட்ட பேரு. கூப்பிட வேண்டியது உங்க கடமை. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்."

"எங்க அப்பா இந்த ஊரையே காப்பாத்தினவர். அந்தக் கல்லைப் பாரு!"

"வாரா வாரம் தொடைக்கிறேன்யா, எனக்குத் தெரியாதா? உங்கப்பா கஞ்சி காச்சுனாரு. அதைக் கொட்டகைக்குள்ள தூக்கிட்டுப் போயி வாயில ஊத்துனது யாரு? அந்தப் பேரு எங்க?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். போகிற போக்கில் படியிலிருந்த தடத்தைப் பார்க்காமல் போக முயன்றார். முடியவில்லை.

விடியுமுன்னே, பூச்சு இறுகியதும், சரசு தன் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்தாள். எல்லாம் துடைப்பக்காரிகள், மலக்கூடை தூக்குகிறவர்கள். கிணற்றிலிருந்து தொட்டிவரை வரிசை கட்டி நின்று குடம் கைமாற்றி விளிம்புவரை நிரப்பினார்கள். அந்தக் கைகள் தொட்ட தண்ணீர் என்று கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். பாஸ்டர் ஞானாபரணம் இளவயசுக்காரர், வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "நான் இந்தத் தண்ணியிலதான் எறங்குவேன்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை சபை நிறைந்திருந்தது. பன்னிரண்டு துடைப்பக்காரிகளும் பின்பெஞ்சில். பாஸ்டர் தொட்டியில் இறங்கி நடுவில் நின்றபோது தண்ணீர் அவர் மார்பில் நின்றது.

முதல் பாட்டு முடிவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது.

தக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம். குடித்து முடிக்காத தொண்டைபோல, களக் களக் என்று.

ஜெபம் முடிந்தபோது முழங்கால்.

மேடை ஓரத்தில் நான்கு அங்கிகள் வரிசையாக நின்றன. டோரதி, ரயில்வே பையன்கள் இருவர், கடைசியில் சரசு. டீக்கன் பேர்த்தாளை விரித்தார். "டோரதி" என்று படித்தார்.

பாஸ்டர் தலையை ஆட்டினார். "முழங்கால் தண்ணியில யாரை முழுக்கறது?"

அப்போது அந்த வாடை வந்தது. அடிபிடித்த கஞ்சி. கார்பாலிக். முன்பெஞ்சில் ஒரு அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள்.

சரசு வரிசையை விட்டு முன்னால் வந்து படியின் தலையில் நின்றாள்.

"பேரைக் கூப்பிடுங்கய்யா."

அவர் தாளையே பார்த்தார்.

"தாத்தா" என்றாள் டோரதி. பத்தொன்பது வயசுப் பெண், முகம் வெளிறியிருந்தது. "கூப்பிடுங்க தாத்தா. இல்லாட்டி நானும் எறங்கல."

ஜீவரத்தினம் உதட்டை நனைத்துக்கொண்டார். "பூங்காவனம்."

களக் களக்.

"சத்தமாய்யா. அன்னிக்கித் தக்கை புடுங்குனப்போ இருந்த தெகிரியம் உங்க வம்சத்துக்கு இன்னிக்கும் இருக்கட்டும்."

கிழவர் கண்ணை மூடினார். சபையே அதிர்கிறாற்போல் கத்தினார்.

"பூங்காவனம்!"

தொண்டைச் சத்தம் நின்றது.

டிக்.

மூன்றாம் படியிலிருந்து.

டிக். நான்காம் படி. டிக். ஐந்து. ஆறு.

ஏழாம் படியில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வளையம் ஒன்று நகர்ந்து பாஸ்டருக்கு எதிரில் வந்து நின்றது.

பாஸ்டரின் கை தானாகத் தாழ்ந்தது, கனமான ஒருத்தியைத் தாங்கிச் சாய்ப்பதுபோல. தண்ணீர் மூடியது. பிறகு கை உயர்ந்தது.

அதோடு தண்ணீரும் உயர்ந்தது. இடுப்பு, மார்பு, விளிம்பு. விளிம்பைத் தாண்டி மேடையில் வழிந்து டீக்கனின் பூட்ஸை நனைத்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

தாளைப் பார்க்காமலே அடுத்த பேரைச் சொன்னார். "சரசு."

டோரதி ஒதுங்கி வழிவிட்டாள். சரசு இறங்கினாள். மூன்றாம் படியில் இறுகிப்போன அந்த இரண்டு தடங்களுக்குள் அவள் பாதங்கள் பொருந்தின. அங்கே நிற்காமல் நடந்தாள். தண்ணீர் சில்லென்று இல்லை. யாரோ அப்போதுதான் எழுந்துபோன படுக்கைபோல இளஞ்சூடாக இருந்தது.

சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாம் என்று கோவிந்தப்பா தக்கையைப் பிடுங்கினான். தக்கை கையோடு வந்தது. தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. திறந்த துளைக்குமேல் அசையாமல் நின்றது.

கமிட்டி பதறி அவளைக் கூப்பிட்டனுப்பியது. சரசு துடைப்பத்தோடு வாசலிலேயே நின்று பதில் சொன்னாள். "இருக்கட்டும். இனிமே யாரையாவது கடைசின்னு நிறுத்துவீங்க இல்ல? அப்போ பூங்காவனம் அக்காவே பாத்துக்குவாங்க."

மழை விட்டுத் திங்கட்கிழமை நல்ல வெயில். அங்கிகளை எடுத்து மடிக்க மத்தியானம் அவள் பின்கட்டுக்குப் போனாள். கயிற்றில் நான்கு அங்கிகள் காய்ந்து விறைத்துத் தொங்கின. அவள் துவைத்தது நான்கு. பீரோவில் இருந்ததும் நான்கு.

கயிற்றின் முதல் இடத்தில் ஐந்தாவது ஒன்று தொங்கியது. கையால் தைத்த பழைய தையல். நனைந்து கனத்து, கீழே மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

சரசு நான்கை மட்டும் எடுத்து மடித்தாள். ஐந்தாவதைத் தொடவில்லை.

"காயட்டும்க்கா. அவசரமில்ல."

காற்றே இல்லை. அவள் திரும்பி நடந்தபோது, பின்னால் ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டன.

டிக்.